மாமனார் கத்தியை மடக்கும் வரை

ஓப்ராக் என்ற மலைமேட்டில் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்தது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. என் மாமனார் ஜெரோ தன் மடக்குக் கத்தியை ரொட்டித் துண்டில் துடைத்து, டக்கென்று மடக்குவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம். கல்யாணமான புதிதில் தெரியாமல் நான் முதலில் எழுந்துவிட்டேன். அதை ஊரே ஒரு மாதம் பேசியது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்து காத்திருந்து எத்தனையோ வேலை கெட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் திறந்த கத்தியை இன்னொருவர் மடக்கக் கூடாது. திறந்தவருக்கு ஆகாதாம். டிராக்டரைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்த என் வீட்டுக்காரர் பிரிவாகூட இதை நம்புகிறார்.

இந்த வசந்தத்திலிருந்து மாமாவுக்குக் கை நடுங்குகிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

அன்று சரிவில் அறுத்துப் போட்ட புல் நன்றாகக் காய்ந்து கிடந்தது. குளிர்காலம் முழுக்க நாற்பது மாடுகளுக்கு அதுதான் தீனி. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். மத்தியானச் சாப்பாட்டில் கூலியாள் பசீல் தட்டைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்த்தான்.

"மேக்கால கருகருன்னு ஏறிட்டு வருது. இப்பவே போனா அள்ளிடலாம்."

மாமா கத்தியைத் துடைத்தார். மடக்கினார். அலகு கொஞ்சம் வந்தது, பிடிக்குள் இருக்கும் வில் இழுக்க மறுபடி நிமிர்ந்துகொண்டது. கை மாற்றிப் பிடித்தார். மறுபடியும் நிமிர்ந்தது.

"என்ன பெரியவரே, கத்தியும் உங்கள மாதிரியே முறுக்கிக்கிச்சா?" என்று பசீல் சிரித்தான். மாமாவின் விரல்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மூன்றாவது தடவை கட்டைவிரலில் கீறிக்கொண்டார். மேஜைத்துணியில் ரத்தம் சொட்டியது. வெளியே இடி. நான் பிரிவாவின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன்.

"ஏதாவது பண்ணுங்களேன்."

"என்னைய என்ன பண்ணச் சொல்ற? அப்பா மடக்குவாரு. சும்மா இரு."

இரண்டு தடிமாடுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு வயசானவர் வியர்த்து விறுவிறுத்துக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மீதா, இவர்கள் மீதா, அந்த மேகத்தின் மீதா என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது.

"குடுங்க மாமா."

அவர் கொடுக்கவில்லை. நானேதான் விரல்களை விலக்கி எடுத்தேன். விலக்குவதற்குப் பலமே தேவைப்படவில்லை. மடக்கினேன். டக்.

"போங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

பாதிப் புல்லைக் காப்பாற்றினோம். மீதி நனைந்துபோனது. பிரிவா என் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மாமா கத்தியை வெளியே எடுக்கவே இல்லை. ரொட்டியைக் கையால் பிய்த்தார். தொத்திறைச்சியை நான் முன்னாடியே சின்னச் சின்னதாக நறுக்கி அவர் தட்டில் வைத்திருந்தேன். தின்றார். பிறகு தட்டுகள் காலியாயின. யாரும் எழுந்திருக்கவில்லை. பசீல் ரொட்டித் தூளை விரலால் ஒற்றிக்கொண்டிருந்தான். பிரிவா கூரையைப் பார்த்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"எலொதி, நாங்க எந்திரிக்கலாமாம்மா?"

கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் எப்படி அந்த மனுஷனுக்கு அனுமதி கொடுப்பேன்? கொடுக்காமல் எப்படி இருப்பேன்? மூன்று ஆண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க மாமா," என்றேன்.