பேர் வெட்டின டம்ளர்

தெய்வநாயகிக்குச் சந்தேகம் என்பது காலைக் காபி மாதிரி. அது உள்ளே இறங்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். எதிர்வீட்டில் யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று ஜன்னலைச் சாத்துவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில்தான் கோயில் செயலாளர் கலைவேந்தன் தன் குட்டியானை வண்டியை நிறுத்தினார். சோரியாங்குப்பத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் சாகை வார்த்தல். போன வருஷம் கூழ் குடித்துவிட்டு வீசிய பிளாஸ்டிக் கிளாஸ் அத்தனையும் வாய்க்கால் மதகை அடைத்துக்கொண்டது. அடுத்த மழையில் முழுகியது இதே தெய்வநாயகியின் புருஷன் சம்மந்தத்தின் நடவு. அதனால் இந்த வருஷம் பிளாஸ்டிக்கே கிடையாது, வீட்டுக்கு வீடு டம்ளரும் அண்டாவும் இரவல் வாங்குவது என்று ஊரில் முடிவாகியிருந்தது.

"வாங்கினு போறீங்க, சரி. என் டம்ளருதான் எனக்குத் திரும்பி வரும்னு இன்னா நிச்சயம்?"

"பேர் வெட்டி இருக்கும்ல அக்கா? பேரைப் பாத்து அவங்கவங்க வூட்ல கொண்டாந்து குடுத்துடுவோம்."

"எங்க வூட்ல பேர் வெட்டின பாத்திரமே இல்லப்பா."

கூசாமல் சொன்னாள். பரண் நிறையப் பாத்திரம். அவள் ஒரு ஸ்பூன்கூடத் தரவில்லை. சாகை அன்றைக்கு மட்டும் சொந்தச் சொம்போடு முன்வரிசையில் நின்று மூன்று சொம்பு கூழ் குடித்தாள். அங்கே அண்ணி கலியம்மாள் தன்னைப் பார்த்தும் பார்க்காதது போல நகர்ந்ததைக் கவனித்து, மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது வாசற்படியில் ஒரு சாக்குப்பை இருந்தது. உள்ளே ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். 'தெய்வநாயகி - சம்மந்தம்' என்று வெட்டியிருந்தது.

அவளுக்குத் தெரிந்த டம்ளர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் மேலத்தெருவில் அண்ணன் பச்சையப்பன் வீடு கட்டிக் குடிபோனபோது அவள் வைத்த சீர். பெயர் வெட்டச் சொல்லிக் கடையில் நின்று எழுத்துப்பிழை பார்த்தவளே அவள்தான். கோயிலுக்கு அவள் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே இது கோயிலிலிருந்து வந்திருக்க முடியாது. அப்படியானால் அண்ணன்தான் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

பன்னிரண்டையும் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், ஏதாவது கிடக்க வேண்டும். வெறும் பாத்திரம் வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

உடனே எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அண்ணனின் பேரனுக்குக் காது குத்துகிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை. பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான் அண்ணன். கூடப்பிறந்தவளுக்கு வாட்ஸப்பில்! அண்ணி முகத்தைத் திருப்பியது வேறு. "வேணாம்னா வாயத் தொறந்து சொல்றதுதானே" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கென்று பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு அண்ணன்தான்.

அழுகை வடிவதற்குள் கோபம் ஏறிவிட்டது. பரணிலிருந்து ஒரு அண்டாவை இறக்கினாள். மகள் சத்யா கல்யாணத்துக்கு 'தாய்மாமன் பச்சையப்பன்' என்று பெயர் வெட்டி அண்ணன் வைத்த சீர். சத்யா பட்டணத்து வீட்டில் இடமில்லை என்று விட்டுப்போனது. ஒருநாள்கூட அடுப்பேறாமல், கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் கவரோடு அப்படியே இருந்தது. கவரைக் கிழித்து வாய்க்கால் பக்கம் வீசினாள். ஒரு அரிசி மணிகூடப் போடவில்லை. கரி பிடித்த கோயில் அண்டாக்களோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது குட்டியானை. கை காட்டி நிறுத்தி, ஏற்றிவிட்டாள்.

"இதப் பச்சையப்பன் வூட்ல எறக்கிடு."

போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கலைவேந்தன் தலையை மட்டும் ஆட்டினார்.

மதியம் சம்மந்தம் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "ஊரே கந்தலாகிக் கெடக்குதுடி. வெட்டியிருக்கிற பேரைப் பாத்து வூடு வூடா குடுத்துட்டானுங்க. அன்பளிப்பா வந்த பாத்திரத்துல குடுத்தவன் பேருதானே இருக்கும்? சீர் வச்சதெல்லாம் வச்சவனுக்கே திரும்பிப் போயிடுச்சி. செத்துப்போனவங்க பேர் போட்ட கொடத்த எந்த வூட்ல எறக்கறதுன்னு கலைவேந்தன் தலையச் சொறியறான்."

தெய்வநாயகி டம்ளர் சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க அண்ணன் கோயிலுக்கு டம்ளர் குடுத்துச்சா?"

"மொதல்ல குடுத்ததே அவருதான்."

அண்டா விஷயத்தைப் புருஷனிடம்கூடச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தாய்மாமன் சீரைத் திருப்பியிருக்கிறாள். அதுவும் வெறுமையாக. இனி எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது?

வெயில் தாழ வாசலில் டிவிஎஸ் வண்டிச் சத்தம். பச்சையப்பன் அண்டாவைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இறக்கி வைத்தார். உள்ளே பாதிக்கு அரிசி, மேலே வெல்லம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை.

"போன்ல ஊருக்கே அனுப்பச் சொல்லி பையன்கிட்ட சொன்னேன், உனக்கும் போயிடுச்சாம். உங்க அண்ணி திட்டித் தீத்துட்டா. நேர்ல வைக்காம உன் மூஞ்சில முழிக்கவே அவளுக்குக் கூச்சமாம்."

தெய்வநாயகி தண்ணீர் கொண்டுவந்தாள். கைக்குக் கிடைத்தது அந்த டம்ளர்தான். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "இது எங்க வூட்டுது" என்று சிரித்தார்.

"நீ கோயிலுக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு பேசிக்கினாங்கம்மா. அண்டாவையே குடுத்திருக்க. பேரைப் பாத்து என் வூட்ல எறக்கிட்டான்."

"ஆமாண்ணா. கூழு காச்சத்தான் குடுத்தேன்" என்றது அவள் வாய்.

அவர் தலையாட்டினார். டம்ளர் சாக்கை வண்டியில் மாட்டி, ஸ்டார்ட் செய்தார்.

"கூழு காச்சன அண்டா. அடியில துளி கரி இல்ல பாத்தியா? அம்மன் சக்திதான்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தெய்வநாயகிக்குச் சந்தேகமே வரவில்லை. அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் அரிசியை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அவமானத்தில் உடம்பு கூசியது. அதையும் மீறி, இந்த மனுஷன் நம்மை விடவில்லையே என்று நெஞ்சு விம்மியது. படியிறங்கி ஓடி வண்டியைப் பிடித்தாள்.

"ண்ணா, கோயிலுக்குக் குடுக்கலண்ணா. நான்தான்..."

"காது குத்துக்கும் பிளாஸ்டிக் வாங்கல. பாத்திரம் பத்தாது" என்றார் அவர், அவளை முடிக்கவிடாமல். "வியாழக்கெழமயே அண்டாவோட வந்துடு. உன் கையால சோறு பொங்கு. அதுக்கு நல்லா கரி புடிக்கட்டும்."