பதினான்கு இலைத் தொப்பி

அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காரியமாகத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. என் கொழுந்தனின் மனைவி. பையில் மெல்லிய பச்சை நூல்கண்டுகள், அவற்றின் மேல் என் தொப்பியின் பின்னல் குறிப்பு.

என் தொப்பி என்றுதான் சொல்வேன். நெற்றியிலிருந்து உச்சிவரை ஏறும் இலைகள். ஓர் இலைக்கு ஊசியில் எட்டுக் கண்ணி, பத்து இலைக்கு எண்பது. உச்சியில் இலைகள் இடித்துக்கொள்ளாமல் முடிய இரண்டு குளிர்காலம் பின்னிப் பின்னிப் பிரித்திருக்கிறேன். முன்பு ஒருமுறை 'பாத்துட்டுத் தரேன்க்கா' என்று ஒரு தொப்பியை வாங்கிப் போனாள். மறுமாதம் நூல்கடைச் சுவரில் அதன் குறிப்பு அச்சாகித் தொங்கியது, கீழே அவள் பெயர். கடைக்காரம்மா என்னிடமே, "உங்க ஓரகத்திக்கு என்ன கைங்க!" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன். அவளிடம் கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள யார் பேரா இருந்தா என்னக்கா?" என்றாள். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

"பாட்டுக் குழுவுக்கு இருபத்திநாலு தொப்பிக்கா. இந்த நூல்லதான் வேணுமாம். ரொம்ப மெல்லிசா இருக்கு, எத்தனை கண்ணி போடறதுன்னே பிடிபடல."

எப்படிப் பிடிபடும்? திருடியவளுக்கு எண்பது தெரியும், ஏன் எண்பது என்று தெரியாதே.

உட்காரச் சொன்னேன். அவள் கண்முன்னே ஒரு மாதிரிச் சதுரம் பின்னி, அளவுகோலை வைத்து எண்ணினேன். பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி. தலையின் சுற்றளவுக்கு நூற்றுப்பன்னிரண்டு, அதாவது பதினான்கு இலை. பிறகு கண்டில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்தது. இந்த ஜாதி நூலோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். நனைந்தால் சுருங்காது, தளர்ந்து நீளும். சதுரத்தை அலசிக் காயவைத்துத்தான் எண்ண வேண்டும். அப்போது பத்தொன்பதுதான் வரும், பன்னிரண்டு இலையே போதும். இவளோ குழாயைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடிப்பவள். அடுத்தவர் தலையில் ஏறுவதை அலசாமல் கொடுக்கவே மாட்டாள்.

"பதினாலு இலை போடு."

"சரியா வருமாக்கா?"

"உன் கண்ணு முன்னாடிதானே எண்ணினேன்?"

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் போனதும் அந்தச் சதுரத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கையில் அது அகலமாகிக்கொண்டே போனது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

நிகழ்ச்சி நூலக முற்றத்தில். முன்வரிசையில் இடம்பிடிக்க அரைமணி முன்னதாகவே போய்விட்டேன். இருபத்திநாலு பேரும் பச்சைத் தொப்பியோடு படியேறினார்கள். முதல் பாட்டு பாதி தாண்டுவதற்குள் ஒருத்தருக்கு இமைவரை இறங்கியது, இன்னொருத்தர் மூக்கில் போய் நின்றது. ஒரு கையால் தொப்பியை ஏற்றுவதும் மறுகையால் தாளைப் பிடிப்பதுமாகப் பாடினார்கள். முற்றமே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இப்போது பேர் வாங்கிக்கொள்ளட்டும் மகராசி!

பக்கத்து நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடும் என்று திரும்பினால், ரொம்ப நிதானமாக இருந்தாள். என் மடியில் ஒரு தொப்பியை வைத்தாள்.

"உங்களுக்கும் ஒண்ணு பின்னினேன்க்கா. உள்ள பாருங்க."

உள்மடிப்பில் வெள்ளை நாடா. அதில் மையால் எழுதியிருந்தது: வடிவமைப்பு, அதற்கடியில் என் பெயர், முதலெழுத்தோடு முழுதாக.

"எல்லாத்துலயும் தச்சிருக்கேன். போன தடவைதான் உங்களுக்கு மனசு சங்கடமாப் போச்சே."

எழுத்தில் விரலை ஓட்டினேன். சாதாரணப் பேனா மை. ஒரு துளி தண்ணீர் பட்டிருந்தாலும் பரவியிருக்கும், துளிகூடப் பரவவில்லை. அப்படியானால் அலசிக் காயவைத்த பிறகு தைத்தது. இருபத்திநாலு தொப்பியும் எத்தனை பெரிதாகிவிட்டன என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக உட்கார்ந்து தைத்திருக்கிறாள். சிரித்த வாயை என்னால் மூட முடியவில்லை, அது அப்படியே உலர்ந்தது.

பாட்டு முடிந்து கைதட்டினார்கள். பாடியவர்களின் இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா வெடுக்கென்று தொப்பியைக் கழற்றினார். உள்ளே புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். அவரும் தன் தொப்பியைக் கழற்றிப் புரட்டினார். பிறகு இருவரும் கூட்டத்தில் யாரையோ தேடினார்கள்.

என் ஓரகத்தி எழுந்து நின்று, கையை உயர்த்தி அசைத்து, என் தலைக்கு நேராக விரலை நீட்டினாள்.