வேலைக்குப் போயிருக்கார்

அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே வங்கி வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி நாத்தனார். நாத்தனாரை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. அண்ணியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. மாமியார், மருமகள், மகள் என்று மூன்று பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"நானும் எழுதறேன், நீங்களும் எழுதுங்க அண்ணி. மூலையில உக்காந்து அழறதுக்கு இது மேல்" என்று பிடித்து இழுத்தவள் குட்டிதான். ஆனால் கணக்கு என்றால் குட்டிக்கு வேப்பங்காய். வட்டிக் கணக்கை அவள் மண்டையில் ஏற்றுவதற்குள் அண்ணிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

"இதுகூட வரலைன்னா வாசல்ல காவலுக்குத்தான் நிக்கணும் நீ."

"நிக்கறேன். கதவு திறக்கறப்பல்லாம் ஏசி காத்து வரும்ல?"

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் மாமியார் சிரித்தார்.

எழுத்துத் தேர்வில் இருவருமே தேறினார்கள். குழு விவாதத்திலும் கரையேறிவிட்டார்கள். நேர்முகத் தேர்வுக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது.

தலைமை அலுவலகம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். லிஃப்ட் நிற்கும்போது லேசாக ஒரு குலுக்கல். கதவு திறந்தபோது, தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நின்றிருந்தது. 'இதை அவர்கிட்ட சொன்னா ராத்திரி பூரா தூங்க மாட்டார்' என்று அண்ணிக்குத் தோன்றியது. தோன்றிய பிறகுதான் சுரீர் என்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலை அதிகாரி, ஒரு பக்கம் ஓர் அம்மாள், மறுபக்கம் ஓர் இளைஞர். கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணி பிசிறில்லாமல் பதில் சொன்னாள். அம்மாள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எந்த ஊருக்குப் போட்டாலும் போவீங்களா?"

"போவேன் மேடம்."

பெரியவர் சிரித்தபடி கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக் சார். வேலைக்குப் போயிருக்கார். இந்த மாதிரி பெரிய கட்டடம்னா வர சாயங்காலம் ஆயிடும்."

தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. எவ்வளவு சரளமாக வந்துவிட்டது! ஒரு வருஷமாக, கேட்டவர்களுக்கெல்லாம் அவர் இல்லை என்ற ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி நாக்கு சலித்துப்போயிருந்தது. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த அறையில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான்.

"இல்ல சார்" என்றாள். "அவர் இறந்துட்டார். போன வருஷம்."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாள் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பேச்சை மாற்றவோ என்னவோ, இளைஞர் கையிலிருந்த அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"கடன் கேட்டு வர்றவர் பொய் சொல்றார்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

குட்டிக்கு அவளே சொல்லிக்கொடுத்த கேள்வி அது. பதில் தலைகீழ்ப் பாடம். ஆனாலும், "தெரியலை சார்" என்று மட்டும் சொன்னாள்.

முடிவு கைபேசியில் வந்தது. குட்டிக்கு வேலை கிடைத்திருந்தது. அண்ணிக்கு இல்லை.

"எனக்கே கிடைச்சிருக்கு, உங்களுக்கு எப்படிக் கிடைக்காம போச்சு?" குட்டிக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை. "உள்ள என்னதான் ஆச்சு? நல்லா பண்ணேன்னு சொன்னீங்களே!"

அண்ணி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தார். குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னாள்.

குட்டி அவள் கையைப் பிடித்தாள். "வேலைக்குப் போயிருக்கான்னா சொன்னீங்க?"

"ம்."

"சாயங்காலம் வந்துடுவான்னா?"

"ஆமாடி."

குட்டி அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். அண்ணன் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. "ரெண்டு பேரும் அங்க என்ன குசுகுசுன்னு?" என்று மாமியார் குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை என்றார்கள்.

தொலைதூர ஊரில் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவை நீங்க மறுபடி எழுதறீங்க. இப்ப நான்தான் ஆபீசர். உக்காருங்க."

விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். கடன், வட்டி, இடமாற்றம் எல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணை விட்டுட்ட" என்றாள் அண்ணி.

"எதை?"

"உனக்கே தெரியும். கேளு."

"வேணாம் அண்ணி."

"அவங்க கேப்பாங்க. நான் சொல்லிப் பழகணும்ல?"

குட்டி மறுபடி உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"இறந்துட்டார் மேடம்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. ஆபீசருக்குத்தான் அடுத்த கேள்வி வரவில்லை.