போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு

தினமும் காலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அனுப்புவது என் புத்தக அலமாரிமேல் உட்கார்ந்திருக்கும் பழைய மடிக்கணினி. பெறுவது, அதற்குக் கீழே மேசையில் உட்கார்ந்திருக்கும் நான். நேற்று முழுக்க ஒழுங்காக ஓடினேன், இத்தனை கடிதம் வந்தது, இத்தனை போனது என்று அறிக்கை சொல்லும். இந்த வீட்டில் என்னிடம் ஒருநாள் தவறாமல் பேசுகிற ஜீவன் அது ஒன்றுதான். நானோ அதைத் திறக்காமலேயே அழித்துவிடுவேன். எனக்கு வாய்த்த குணம் அப்படி.

அந்தக் கணினிதான் என் சொந்த மின்னஞ்சல் சர்வர், அதாவது என் கடிதங்களை வாங்கி அனுப்பும் தபால் நிலையம். ஊரே இலவசமாகக் கிடைப்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். இணைய இணைப்புக் கம்பெனிக்காரரும் அதையேதான் கேட்டார். கடிதம் போகிற வழியை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள், திறந்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, வீட்டில் வேறு யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள் என்றார். வேறு யாரும் இல்லை, இருப்பது நான்தான், திறந்துவிடுங்கள் என்றேன். திறந்தார்.

காரணம் என் தம்பி. கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை செய்பவன். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எங்கள் குடும்பப் பெயரில் அவன் ஒரு சர்வர் வைத்திருந்தான். அதில் இருந்தது இரண்டே அஞ்சல் பெட்டி. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாலும் தினமும் இரண்டு வரி எழுதிக்கொள்வோம். பெரும்பாலும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துதான்.

நான் தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்குச் செய்முறைக் கையேடு எழுதுகிறவள். ஒருநாள் ஆபீசில் ஆட்களைக் குறைத்தார்கள், நானும் குறைந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. அக்கா என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்க வேண்டாமா? கமுக்கமாக நாலு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அதில் ஒன்றில் முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது, அது திரும்பி வந்தது. திரும்பி வரும் கடிதத்தின் நகல் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கும் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவரை போஸ்ட்மாஸ்டர் என்பார்கள். எங்கள் சர்வரின் போஸ்ட்மாஸ்டர் என் தம்பி.

அவன் பாட்டுக்கு அந்தக் கம்பெனியில் இருந்த நண்பனிடம் சொல்லிவைத்துவிட்டான். அங்கிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்த அம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்து, "உங்க தம்பி சொன்னாராம், ரொம்ப சிரமத்துல இருக்கீங்கன்னு" என்றார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். என் கடிதத்தை நீ எப்படிப் பார்க்கலாம் என்று வாசலிலேயே பிடித்தேன். நான் படிக்கவில்லை, தலைப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது என்று ஏதோ விளக்கினான். யார் கேட்டார்கள்?

"இனிமே என் பேருக்கு நீ ஒரு வரி எழுதக்கூடாது. போன்லயும் பேசாத, வீட்டுக்கும் வராத."

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான்.

அவன் சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, தோழிகளோடு பேசிக்கொண்டே அவனை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடியபோது, கொட்டுகிற மழையில் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தான். பக்கத்துக் கடையில் ஒதுங்கக்கூட இல்லை.

ஆக, வீம்புக்கு ஒரு சர்வர். முகவரிக்கு ஒரு பெயர் வாங்கினேன், பழைய கணினியைத் துடைத்தேன், இணையத்தில் கிடைத்த செய்முறையைப் பார்த்துப் படிப்படியாகச் செய்தேன். ஊருக்கெல்லாம் கையேடு எழுதுகிறவளுக்கு அடுத்தவர் எழுதிய கையேடு புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. கடிதத்தை அனுப்பியது நான்தான் என்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கையொப்பம் ஒவ்வொன்றிலும் விழ வேண்டுமாம். விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும் என்று போட்டிருந்தது. ஒண்டிக்கட்டை வீட்டுக்குப் போஸ்ட்மாஸ்டர் ஒரு கேடா என்று திட்டிக்கொண்டே அதையும் தனியாக உண்டாக்கினேன். அதன்பிறகு அதை எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் 'இது என் புது முகவரி' என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு வரி அனுப்பினேன். தம்பியையும் சேர்த்துத்தான். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: அவன் பதில் போடுவான் என்று காத்திருந்தேன். நான் எழுதமாட்டேன், அவன்தான் முதலில் எழுத வேண்டும். எழுதாதே என்று சொன்னவளும் நான்தான், எழுதவில்லையே என்று ஏங்குகிறவளும் நான்தான்.

யாரும் எழுதவில்லை. விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை. சர்வர் கெட்டுவிட்டதோ என்று எனக்கே நான் கடிதம் போட்டுப் பார்ப்பேன். உடனே வந்து சேரும். 'சோதனை' என்று இருக்கும். மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் காய்ச்சலில் படுத்தேன். மின்சாரமும் போய்ப் போய் வந்தது. கஞ்சி வைக்க எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, செத்தால்கூட அந்தக் கணினிதான் யாருக்காவது அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. அதுவும் எனக்குத்தான் அனுப்பும்.

தேறி உட்கார்ந்த அன்று, பேச்சுத் துணைக்கு ஆளில்லாத குறைக்கு, அந்தக் காலை அறிக்கையைத் திறந்து முழுக்கப் படித்தேன். கடைசியில் ஒரு வரி. போஸ்ட்மாஸ்டர் பெட்டியில் படிக்காத கடிதங்கள் இருக்கின்றன.

விளம்பரமாக இருக்கும் என்று திறந்தேன். எல்லாம் தம்பி எழுதியவை.

'போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் சர்வரின் கடிதங்களில் கையொப்பம் விழவில்லை. அதனால் அவை பெறுபவரின் குப்பைப் பெட்டிக்குப் போகின்றன. சரிசெய்யும் முறையை இணைத்துள்ளேன்.'

'போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, கையொப்பம் இன்னும் விழவில்லை. தங்கள் பயனர் வேலை கேட்டு எழுதும் கடிதங்களும் குப்பைக்குத்தான் போகும். அவர் திறமைசாலி. தயவுசெய்து கவனிக்கவும்.'

'போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, தங்கள் சர்வர் அடிக்கடி நின்றுபோகிறது. மின்தடையாக இருக்கலாம். பயனருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?'

படுபாவி. என் பேருக்கு எழுதாதே என்றேன், என் பேருக்கு எழுதவில்லை.

கடைசிக் கடிதம் போன வாரம் வந்தது. 'இந்த வாரத்தோடு என் சர்வரை நிறுத்துகிறேன். இருந்தது இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். ஒருவனுக்காக ஓட்டுவதில் அர்த்தம் இல்லை. தங்கள் பயனரின் பழைய கடிதங்களைத் திறந்து பார்க்காமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன் என்று சொல்லவும்.'

கண்ணீர் விசைப்பலகையில் சொட்டச் சொட்டப் பதில் அடித்தேன். 'டேய்' என்று மட்டும்தான் வந்தது. அதையே அனுப்பினேன். அடுத்த நிமிடம் பெட்டியில் ஒரு கடிதம். ஆசையாகத் திறந்தால், அனுப்பியது என் கணினி. கடிதம் திரும்பிவிட்டது, தம்பியின் சர்வர் பெயரில் இப்போது இடமே இல்லை என்றது.

போனை எடுத்தேன். எண் விரலுக்கு மனப்பாடம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவன் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பேசாதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

"போஸ்ட்மாஸ்டர் பேசறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான்.

"சொல்லுங்க. உங்க பயனர் எப்படி இருக்காங்க?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம் அது.

"நல்லா இல்லடா" என்றேன்.

"அங்கயே இரு அக்கா, வரேன்" என்று வைத்துவிட்டான்.

வாசல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். மறுபடி தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.