சரியும் மணல்

"ஏட்டி ஃபிளோரா, செத்தப் பொறு. டைட்டஸ் வந்து மொகத்தப் பாக்கட்டும்."

அம்மா இஞ்ஞாசியம்மாள் சவப்பெட்டியின் விளிம்பை விடவில்லை. உள்ளே அப்பா வியாகுலம், விரல்களில் ஜெபமாலை சுற்றிக் கிடந்தார். வெளியே ஐப்பசி மழை. கோயிலில் பூசை முடித்துவிட்டுச் சாமியார் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று கோயில் உபதேசியார் ஞானையா வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

படுக்கையில் கிடந்த மனுஷனுக்குப் பீ மூத்திரம் அள்ளியது ஃபிளோரா. தம்பி டைட்டஸ் எட்டிப் பார்த்தானா? ஒரு தடவை வந்தான், அதுவும் தள்ளாடிக்கொண்டு. அவள்தான் வெளியே பிடித்துத் தள்ளினாள். இன்று விடியலில் அப்பா "டைட்டஸ் வந்தானா" என்று கேட்டபடியே போய்விட்டார்.

"அவன் எங்கன கெடக்கான்னு தெரியாதாக்கும்? காலையில சாராயக்கடையில நின்னத ஊரே பாத்துருக்கு."

"அவன ஞாயந்தீக்க ஆண்டவரு இருக்காரு. நீ ஒங்கப்பாவுக்கு அழுட்டி."

"அழுதது போதும். அண்ணாச்சி, மூடுங்க."

ஞானையா மூடியை வைத்தார். வழக்கமாகக் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி திறந்து முகம் காட்டிய பிறகுதான் ஆணி அடிப்பார்கள்.

"அங்கன தொறக்க வேண்டாம். இங்கனயே அடிங்க. அந்தக் குடிகாரப்பய மூஞ்சியில அப்பா முழிக்கவே வேண்டாம்."

சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. உண்மையைச் சொன்னால், ஃபிளோராவுக்கு அந்த நேரம் மனசு ஆறியதுபோலத்தான் இருந்தது.

பூசை முடிந்து பெட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது மழை தூறலாகியிருந்தது. தாமிரபரணி கடலில் விழுகிற ஊர். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். குழிக்குள் நின்று, குழிவெட்டும் பிச்சைக்கண்ணு வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். எதிரே, சரிகிற மணலுக்குப் பலகை வைத்து, அதை முதுகால் முட்டுக்கொடுத்தபடி டைட்டஸ் நின்றான். முழங்கால்வரை கலங்கல் தண்ணீர்.

"காலையில கடையிலேருந்து நேரா வந்தவன், இன்னும் நிக்கான் தாயி" என்றார் பிச்சைக்கண்ணு. "கடக்கர மண்ணு, வெட்ட வெட்டச் சரியுது. அப்பன் மொகத்தப் பாத்துட்டு வாலேன்னேன். நான் ஏறினா குழி மூடிரும், பொறவு அப்பாவ எங்கன வைப்பீருங்கான்."

டைட்டஸ் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தான். ஆணிகளைப் பார்த்தான்.

"அடிச்சாச்சாக்கா?"

சாராய வாடை குப்பென்று மேலே வந்தது. குடித்துத்தான் இருந்தான், அதில் பொய்யில்லை.

ஃபிளோரா சேலையை வரிந்து கட்டினாள். மற்றவர்கள் தடுப்பதற்குள் குழியில் இறங்கி, அவன் பக்கத்தில் பலகைக்குத் தன் தோளைக் கொடுத்தாள்.

"நீ ஏறுலே."

"ஒன்னால தாங்க முடியாதுக்கா."

"ஏறுன்னா ஏறு. அண்ணாச்சி, ஆணியப் பிடுங்குங்க."

அவன் ஏறினான். பாரம் மொத்தமும் அவள் தோளில் இறங்கியது. கன்னத்தைப் பலகையில் அழுத்திக்கொண்டு நின்றாள். மேலே ஞானையா பிடுங்க, ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும் சத்தம் கேட்டது.