பச்சைப் பெயிண்ட்

ஃப்ரீசர் பெட்டியின் வயர் பிளக்கை எட்டவில்லை. ஜெர்சன் டிவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகினான். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் அப்பா வேதசிரோமணி, கிறிஸ்துமஸுக்குத் தைத்த கோட்டில், சர்ச்சுக்குக் கிளம்பியவர் மாதிரி படுத்திருந்தார். காலையில் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போட்ட மனுஷன். ஜெர்சனுக்கு அழுகை வரவில்லை. நடந்தது இன்னும் மண்டையில் ஏறவே இல்லை.

இரும்புலியூரே வாசலில் நின்று எப்படி, எப்படி என்று கேட்டது. திருமுடிவாக்கத்துப் பட்டறையில் திரவ நைட்ரஜன் பம்ப்பை ஓட்டிப் பார்த்தபோது உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் உடைந்து, துண்டு தெறித்து நெஞ்சில் அடித்தது என்று அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். இரும்பு எப்படி உடையும் என்றார் சித்தப்பா. அந்தக் குளிரில் சாதா இரும்பு கண்ணாடி மாதிரி உடையும். அதற்கென்றே காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் கம்பி இருக்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் காந்தத்தை வைத்துப் பார்க்காமல் அப்பா எந்தக் கம்பியையும் லேத்தில் ஏற்ற விடமாட்டார்.

இந்த ஷாஃப்டுக்கான கம்பி வந்தபோது அவர் சாவியை மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் கேட்டார்.

"காந்தம் வச்சுப் பாத்தியாடா?"

"பாத்தாச்சுப்பா."

பார்த்தது முனையில் இருந்த பச்சைப் பெயிண்டைத்தான். ஸ்டெயின்லெஸ் என்றால் கடைக்காரர் பச்சை அடித்து அனுப்புவார். கைக்கெட்டும் தூரத்தில் காந்தம் கிடந்தும் எடுக்கச் சோம்பல்.

உடைந்த துண்டு இப்போது அவன் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. கம்பி சரியாகவே இருந்து, லேத்தில் கடைந்ததில் ஏதாவது கோளாறாகவும் இருக்கலாம். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நின்றுகொண்டிருந்தான். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பயமாக இருந்தது.

அம்மா ஹில்டா ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரைத் துழாவிக்கொண்டே வந்தாள். மூக்குக் கண்ணாடி, வாட்ச், சாவிக்கொத்து.

"வண்டி சாவி. பத்திரமா வை. தொலைச்சா அப்பா திட்டுவாங்க."

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். அவன் கை நீட்டாததால் அவன் பாக்கெட்டிலேயே போட்டாள். உள்ளே டக்கென்று சத்தம் கேட்டது.

"என்னடா அது?"

அவன் சாவியை வெளியே இழுத்தான். துண்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.