சிகாகோவில் பேசாத பறவை

மாட்டுத் தீவனப் புல்லை ஓரத்திலிருந்து உள்ளே அறுக்கக் கூடாது. நடுவில் தொடங்கி வெளியே வர வேண்டும். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போனால், புல்லுக்குள் இருக்கும் உயிரெல்லாம் நடுவை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு போர்வை அகலத்துக்குப் புல் நிற்கும்போது முயல், எலி, குஞ்சு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நடுவில் தொடங்கினால் அவை வேலிப் பக்கம் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். டிராக்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படி நான் அறுத்த வயல்களில் ஒன்றுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1968, ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை. என் மச்சான் சிரில் அன்று சாயங்காலம் பஸ் ஏறுவதாக இருந்தான்.

சிரில் என் மனைவி லோரெட்டாவின் அண்ணன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களைப் போன்ற பூர்வகுடிகளை நகரத்துக்கு அனுப்ப அரசாங்கம் கொடுத்த, திரும்பி வர வழியில்லாத, போவதற்கு மட்டுமான சீட்டை வாங்கிக்கொண்டு சிகாகோவுக்குப் போனவன். அங்கே ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அம்மா இறந்தபோது வந்தான், கடைசி வரிசையில் நின்றான், யாரிடமும் பேசாமல் போய்விட்டான். இப்போது ஒரு வருஷம் முடிந்து, மறுநாள் சனிக்கிழமை நினைவு விருந்து. லோரெட்டா வருஷம் முழுக்க நட்சத்திரப் போர்வைகளாகத் தைத்து அடுக்கியிருந்தாள், விருந்தில் எல்லோருக்கும் கொடுப்பதற்கு. முதலில் மூத்த மகன் எழுந்து நின்று, எங்கள் லக்கோட்டா பாஷையில், "அழுகை முடிந்தது" என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் துக்கத்துக்காக வெட்டிய கூந்தலை லோரெட்டா மறுபடி வளர்க்கலாம், ஊர் நடனத்துக்குப் போகலாம், சிரிக்கலாம்.

சிரிலோ வந்த நாலு நாளும் ஆங்கிலம்தான் பேசினான். நாங்கள் எங்கள் பாஷையில் கேட்போம். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான்.

வளர்ந்த அண்ணனும் தங்கையும் எங்களில் முகத்துக்கு நேராக அதிகம் பேச மாட்டார்கள். மரியாதை அப்படி. மச்சான்களுக்கு நேர் எதிர்ச் சட்டம்: பார்த்த நிமிஷத்திலிருந்து கிண்டலடித்தே ஆக வேண்டும், கோபப்படக் கூடாது. ஆகவே அந்த வீட்டில் தபால்காரன் வேலை எனக்கு.

"உங்க மச்சான்கிட்ட கேளுங்க, நாளைக்கு அம்மாவுக்காகப் பேசுவாரான்னு," என்றாள் லோரெட்டா அன்று காலை. சிரில் அதே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், நாளைக்குப் பேசுவியான்னு கேக்கறா."

"சாயங்காலம் எனக்குப் பஸ்ஸுன்னு சொல்லு."

"பஸ்ஸுங்கறான்."

"எனக்குக் காது கேக்குது," என்றாள் லோரெட்டா, காபிக் கெட்டிலைப் பார்த்து. "அவர் போயிட்டா சித்தப்பாதான் எழுந்து பேசணும். அப்ப ஊர் என்ன நினைக்கும்னு கேளுங்க. மகன் உசுரோட இருக்கும்போதே மகன் இல்லாத வீடுன்னு நினைக்கும்."

இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. சிரில் எழுந்து வெளியே போனான். நானும் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"வயலுக்கு வா. எனக்கு முன்னால நடக்க ஒரு ஆள் வேணும்," என்றேன். "சிகாகோவுல சாப்பாடு நல்லாப் போடறாங்க போல. உன் பெல்ட் ரொம்பக் கஷ்டப்படுது. கொஞ்சம் நடந்தா அதுக்கு நல்லது."

"உன் டிராக்டர் போற வேகத்துக்கு முன்னால நடக்கறதா? படுத்து உருண்டாக்கூட நான்தான் முதல்ல போவேன்," என்றான். ஆங்கிலத்தில்தான். ஆனாலும் மச்சான் பேச்சு.

அவன் கையில் ஒரு நீளக் குச்சியைக் கொடுத்தேன். அறுக்கும் கத்தி டிராக்டரின் பக்கவாட்டில், தரையை ஒட்டி, ஓர் ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பல் பல்லாக முன்னும் பின்னும் ஓடும். பெரும்பாலான உயிர்கள் அந்தச் சத்தத்துக்கே எழுந்து ஓடிவிடும். அடைகாக்கும் புல்வெளி வானம்பாடி மட்டும் ஓடாது. கத்தி மேலே வரும்வரை உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் குச்சியோடு ஓர் ஆள்.

வானம்பாடி என்பது இங்கே வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். வானம்பாடிக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பறந்துகொண்டே பாடுகிற வழக்கமும் இதற்கு அதிகமில்லை. வேலிக் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து, மஞ்சள் மார்பையும் அதிலுள்ள கறுப்பு வளைவையும் காட்டிக்கொண்டு, அலகை ஆகாயத்துக்குத் தூக்கிப் பாடும். எங்கள் பாஷையில் அதன் பெயர் தஷியாக்னும்பா. அது லக்கோட்டா பேசும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன பேசும் என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் அப்பா வீட்டில் அது, "மச்சான், உன் காபி ஆறுது," என்று சொல்லும். லோரெட்டாவின் அம்மா வீட்டில், "யாரோ வர்றாங்க, அடுப்புல தண்ணி வை."

அந்த அம்மாவோடு பத்தொன்பது வருஷத்தில் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியாரோடு மருமகன் பேசக் கூடாது, அதுவும் மரியாதை. ஆனால் அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, அடுத்த அறையில் உட்கார்ந்து செருப்புத் தைப்பதுபோல் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். வானத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணின் கதை. அங்கே அவள் ஒரு கிழங்கைத் தோண்டினாள். வானத்தில் ஓட்டை விழுந்து, கீழே அவள் ஊர் தெரிந்தது. ஏக்கம் தாங்காமல் கிழங்குக் கொடிகளைப் பின்னிக் கயிறாக்கி இறங்கினாள். கயிறு எட்டவில்லை. விழுந்து இறந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை மட்டும் பிழைத்துப் புல்லில் கிடந்தது. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தது தஷியாக்னும்பா. தன் குஞ்சுகளோடு வைத்து ஊட்டியது. அந்தப் பிள்ளை பேசக் கற்றது அந்தப் பறவையிடம்தான். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் சிரில். பின்னால் அவனுக்கு நேர்ந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பாதி வயல் முடிந்திருக்கும். சிரில் சட்டென்று குச்சியைத் தூக்கிக் காட்டினான். அவன் காலடியிலிருந்து பெட்டைப் பறவை 'சப்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு எழுந்து, தாழப் பறந்து போனது. நான் எஞ்சினை நிறுத்தி இறங்கினேன்.

"எங்கே, காணோமே?" என்றான்.

"அது அப்படித்தான். மேலேர்ந்து பார்த்தா புல்லுதான் தெரியும். முட்டி போடு."

அந்தக் கூட்டை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மாடு குளம்பு வைத்த பள்ளம் போன்ற ஒரு குழி. பறவை அதில் காய்ந்த புல்லைப் பரப்பும். பிறகு சுற்றி நிற்கிற உயிருள்ள புற்களை வேரோடு அப்படியே விட்டு, நுனிகளை மட்டும் வளைத்துப் பின்னிக் கூரையாக்கும். கூரை வளர்ந்துகொண்டிருக்கும் புல் என்பதால் வெயிலில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்காது. வாசல் பக்கவாட்டில். சில கூடுகளுக்கு வாசலுக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்குப் புல் சுரங்கம்கூட இருக்கும். சிரில் தலையைத் தரையோடு வைத்து உள்ளே பார்த்தான். நான்கு முட்டைகள், வெள்ளையில் பழுப்புப் புள்ளி.

அப்போது வேலிக் கம்பத்திலிருந்து சேவல், அதாவது ஆண் பறவை, பாடியது. இரண்டு மூன்று தெளிவான விசில், பிறகு தண்ணீர் குடத்திலிருந்து கொட்டுவதுபோல் ஓர் உருட்டல்.

"என்ன சொல்லுது மச்சான்?" என்றேன், சும்மா.

அவன் எழுந்திருக்கவில்லை.

"தெரியல. அது என்கிட்டப் பேசறதை நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சு."

"அஞ்சு வருஷமா நீ இங்கயே இல்லையேடா."

"அங்கதான் நிறுத்துச்சு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தொழிற்சாலைக்குப் பின்னால் ரயில் பாதை ஓரமாக ஒரு புல்வெளி. ஒரு வசந்தகாலம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். கம்பத்தில் அதே பறவை. மஞ்சள் மார்பு, கறுப்பு வளைவு, எல்லாம். ஏழு வருஷம் கழித்துச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றானாம். அது வாயைத் திறந்து பாடியது. ஒரு வார்த்தை புரியவில்லை.

"மறுநாளும் போனேன். அந்த மாசம் முழுக்கப் போனேன். ஒண்ணுமே புரியல. வெறும் விசில். அப்பதான் தெரிஞ்சுது, போயிடுச்சுன்னு. அது மாறாது, அது பறவை. நான்தான் காலியாயிட்டேன். அதுக்கப்புறம் நம்ம பாஷைல வாயைத் திறக்கவே கூச்சம். பறவைக்கே என்னைத் தெரியல, ஊருக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கறது?"

"இப்ப கம்பத்துல பாடுதே, அது?"

"நாலு நாளா காதுல விழுது. அம்மா சொன்ன மாதிரியே கேக்குது. ஆனா அது சொல்றதைக் கேக்கறேனா, அம்மா சொன்னது ஞாபகம் வருதான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல."

என்னால் எதையும் கழற்றிப் பார்க்காமல் விட முடியாது. டிராக்டராக இருந்தாலும் அப்படித்தான்.

"சிகாகோக்காரன் எப்படிப் பாடினான்? விசிலடிச்சுக் காட்டு."

"விடு மச்சான்."

"ஒரு மாசம் கேட்டிருக்கியே. அடி."

அடித்தான். மெல்லிய, இழுபட்ட நாலு சுருதி, கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைக் கேட்டதே இல்லை. எங்கள் சேவல் ஒன்றுக்கு எட்டுப் பத்துப் பாட்டு உண்டு. இந்த வயலில் முப்பது வருஷமாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

"மறுபடி அடி. அந்தக் கம்பத்தைப் பார்த்து அடி."

சேவல் ஒரு புல்வெளியைத் தன்னுடையது என்று பிடித்துவைத்திருக்கும். பாட்டுதான் அதன் வேலி. இன்னொரு சேவல் பாட்டு உள்ளே கேட்டால் விடாது, என்ன, யார் என்று வந்துவிடும். சிரில் மூன்று தடவை சிகாகோப் பாட்டை அடித்தான். கம்பத்தில் இருந்தது இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல்.

"இப்பப் பாரு."

நான் எங்கள் பாட்டை அடித்தேன். எனக்கு முன்பல் ஒன்று கிடையாது, விசில் அவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் சேவல் வெடுக்கென்று திரும்பியது. உடம்பை உப்பிக்கொண்டது. 'சப்' என்று பறந்து இரண்டு கம்பம் இந்தப் பக்கம் வந்து, என்னைப் பார்த்து அலகைத் தூக்கித் திட்டியது.

"சிகாகோக்காரன் பறக்கும்போது இந்த மாதிரி 'சப்'புன்னானா?"

சிரில் யோசித்தான். "இல்ல. தகரத்தைக் கிழிச்ச மாதிரி ஒரு சத்தம்."

"அப்ப அது நம்ம ஆளே இல்லடா! அது வேற இனம். உடுப்பு ஒண்ணு, ஆளு வேற." எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மச்சான் என்ற முறையில் அடக்கவும் தேவையில்லை. "பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒருத்தனைப் பார்த்து 'மாமா'ன்னு கூப்பிட்டிருக்க. அவன் திரும்பலைன்னு அஞ்சு வருஷம் அழுதிருக்க!"

பின்னாளில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். கிழக்கே ஓர் இனம், மேற்கே ஓர் இனம். கையில் வைத்துப் பார்த்தாலும் பிரிப்பது கஷ்டமாம், வாயைத் திறந்தால்தான் தெரியுமாம். குஞ்சு பாட்டைக் கூடவே கொண்டு பிறப்பதில்லையாம், சுற்றி இருப்பவர்கள் பாடுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுமாம். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. கம்பத்துச் சேவல் தெரியும், அவ்வளவுதான்.

சிரில் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பிறகு, "அப்ப அது என்ன பாஷைடா பேசிச்சு?" என்றான்.

"அங்க முன்னால இருந்த நம்ம மாதிரி ஜனங்க பாஷையா இருக்கும்."

"அவங்களை எப்பவோ அங்கேர்ந்து அனுப்பிட்டாங்க."

"பாவம். கேக்க ஆளில்லாமப் பேசிட்டிருக்கு. நீ ஒரு மாசம் உக்காந்து கேட்டதுல அதுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்."

அவன் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். அப்புறம் குச்சியை எடுத்தான்.

"இதைச் சுத்தி எவ்வளவு விடணும்?" என்றான்.

எங்கள் பாஷையில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் பேச்சு நின்றுபோயிருக்கும். "நாலு பக்கமும் ரெண்டு குச்சி நீளம்," என்றேன், கத்தியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டு. அவன் அளந்து, நாலு மூலையிலும் புல்லை முடிச்சுப் போட்டான். நான் சுற்றி வளைத்து அறுத்தேன். அந்தத் திட்டு மொட்டைத் தலையில் விட்ட குடுமி மாதிரி ஆகஸ்ட் வரை நின்றது. அந்த வயலில் இப்போது சோளம். கம்பங்கள் இருக்கின்றன, சேவல் ஒன்றிரண்டுதான் வருகிறது. சிரிலும் இல்லை.

அன்று சாயங்காலப் பஸ் அவனில்லாமல் போயிற்று.

மறுநாள் விருந்தில், சூப்பும் எண்ணெய் ரொட்டியும் பழக்குழம்பும் வரிசையாக வைத்திருந்தபோது சிரில் எழுந்து நின்றான். முதல் வாக்கியத்திலேயே வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டான். பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ரொம்ப நாளா சிகாகோவுல வேற யார்கிட்டயோ பேசிட்டிருந்தேன், மன்னிச்சுக்கங்க," என்றான். இப்போது வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள். பிறகு மெதுவாக, கல் கல்லாக மிதித்து ஓடையைத் தாண்டுவதுபோல், அம்மாவைப் பற்றி ஏழெட்டு வாக்கியம் சொன்னான். அழுகை முடிந்தது என்றான். கடைசியில் எதிர்பாராமல், அம்மாவின் குரலில், "யாரோ வர்றாங்க, அடுப்புல தண்ணி வை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

லோரெட்டா அவன் பக்கம் பார்க்கவில்லை. குட்டைக் கூந்தலைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பெரிய கெட்டிலிலிருந்து ஒரு கோப்பை காபி ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள். சின்ன வயதில் அவன் அப்படித்தான் குடிப்பானாம். கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

"உங்க மச்சான்கிட்ட குடுங்க," என்றாள். "ஆறறதுக்குள்ள."

நான் நாலடி நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.